நான் கேட்டாலும் கொடுக்காதே

ஜூன் 4, செவ்வாய்

வடிவியல் வீட்டுப்பாடத்தை இன்று துணி தேய்க்கும் பலகையின் மேல் வைத்துப் போட்டேன். என் மேசையில் இடமில்லை. அங்கே ஒரு கேக் அச்சு (எங்கள் வீட்டில் கேக் சுடும் அடுப்பே கிடையாது), கால் பிடித்துவிடும் இயந்திரம் ஒன்று, மற்றதெல்லாம் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள்.

பிரிக்காதவை! அதுதான் எனக்கு மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் வந்த உடனே பிய்த்துப் பார்க்க மாட்டார்களா? அம்மா கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள், சுவரோரம் வைக்கிறாள், மறந்துவிடுகிறாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"இருந்துட்டுப் போகட்டுமே. உங்கிட்ட சோறா கேக்குது?"

பலகை ஆடியதில் என் முக்கோணத்துக்கு நான்காவதாக ஒரு பக்கம் முளைத்துவிட்டது.

ஜூன் 6, வியாழன்

மாட்டிக்கொண்டாள்.

அப்பா கிரேன் ஓட்டுகிறார். வேலை எங்கே நடக்கிறதோ அங்கேயே தங்கல். மாதக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். இன்று வீடியோ காலில் பேசும்போது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டார்.

"என்ன, வீடு கீடு மாத்தறீங்களா?"

அம்மா போனைச் சட்டென்று கூரையைப் பார்க்கத் திருப்பினாள். அதற்குப் பிறகு அப்பா மின்விசிறியோடுதான் பேசினார். ஆனால் பேசியது அத்தனையும் எனக்குக் கேட்டது. "மாசக் கடைசியில நான் வர்றப்ப புதுசா ஒரே ஒரு பார்சல் வந்தாலும் உன் பேங்க் கார்டை எங்கிட்டக் குடுத்துடு. வாராவாரம் செலவுக்கு நான் அனுப்பறேன். அவ்வளவுதான்."

அந்தக் கார்டில் இருப்பது அம்மாவின் சம்பளம். மருத்துவமனையில் பில் போடும் கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்து வாங்குகிற சம்பளம். பஸ்ஸுக்குக்கூட அப்பாவிடம் கேட்டு நிற்கும் அம்மாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அம்மாமேல்தான் கோபம். ஆனாலும் முடியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

அம்மா ஒரு காரியம் செய்தாள். வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கிற சிம்மைத் தன் போனிலிருந்து கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டு என் கையில் கொடுத்தாள். இனி அவள் எது வாங்கினாலும் ஓடிபி என்னிடம்தான் வரும். நான் அந்த எண்ணைச் சொன்னால்தான் பணம் போகும்.

"நான் கேட்டாலும் குடுக்காதே."

"கெஞ்சினா?"

"கெஞ்சினா கண்டிப்பா குடுக்காதே."

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பெருமையாக இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

விதிகளை நான் எழுதினேன், அம்மா ஒப்புக்கொண்டாள். பிடித்த பொருளை உடனே வாங்கக் கூடாது. மூன்று நாள் ஆன்லைன் கடையின் கூடையிலேயே கிடக்க வேண்டும். மூன்று நாள் கழித்தும் அது என்னவென்று நினைவிருந்தால் மேலே பேசலாம். வீட்டில் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்யும் பொருளுக்கு என்ன ஆயிற்று என்று பதில் சொல்ல வேண்டும். சாப்பாடு, மருந்து, பள்ளிக் கட்டணம் இவற்றுக்கு விதி கிடையாது. "தள்ளுபடி" என்பதை ஒரு காரணமாகச் சொல்லவே கூடாது.

"நீ பெரிய நீதிபதியம்மா ஆயிடுவே" என்றாள். பாராட்டு என்றுதான் நினைத்தேன். இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

"ஓடிபி சொல்லு." "மூணு நாள் ஆகட்டும்." "எங்கூடப் பேசாதே."

யார் யாருக்கு அம்மா?

ஜூன் 13, வியாழன்

திரைச்சீலை மாட்டும் கொக்கிகள் வேண்டுமாம். இருக்கிற கொக்கிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதுங்களுக்கு வயசாயிடுச்சு" என்றாள். இரும்புக்கு! நான் நாற்காலியில் ஏறி ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி, எல்லாம் ஆரோக்கியமாக இருக்கின்றன என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு முறைத்தாள். அப்புறம் பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

ஜூன் 15, சனி

ஏமாற்றிவிட்டாள்!! என்னை! கண்ணெதிரே!

மாடி வீட்டு அக்காவிடம் கத்தரிக்கோல் கேட்கப் போனேன். அவர்கள் வீட்டு வாசலிலேயே மூன்று பெட்டிகள். மூன்றிலும் அம்மா பெயர். "ஐயோ, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொருள் வந்ததும் கையில் காசு கொடுத்து வாங்கும் வழி ஒன்று இருக்கிறதே, அதற்கு ஓடிபியே வேண்டாம். நான் என்னமோ கோட்டைக் கதவுக்குக் காவல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மதிலே இல்லை.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அம்மா முன்னால் வரிசையாக வைத்தேன்.

"நீங்கதானே காவல் இருக்கச் சொன்னீங்க? நானா கேட்டேன்? அப்பா வந்து கார்டைப் பிடுங்கினா எனக்கா நஷ்டம்?" இப்படி எல்லாம் கத்தினேன். இன்னும் நிறைய.

அம்மா சண்டைக்கு வரவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நான் நாலாம் நம்பர் கவுண்டர்டி. 'ஏ நாலு, தூங்கறியா? ஏ நாலு, எவ்வளவு நேரம்?' பில்லு நானா போட்டேன், வியாதியை நானா குடுத்தேன்? வாசல்ல வந்து நிக்கறானே பார்சல்காரன், அவன் ஒருத்தன்தான் என்னை முழுப் பேரு சொல்லிக் கூப்பிடறான்."

என் விதிகளில் எதிலும் இது அடங்கவில்லை. எரிச்சலாக வருகிறது. அம்மாமேல் எரிச்சல் என்றால் சுலபமாக இருக்கும். ஆனால் யார்மேல் என்றே தெரியவில்லை.

மூன்று பெட்டியையும் இரண்டு பேரும் சேர்ந்து திருப்பி அனுப்பினோம். ஒன்றை மட்டும் ஒட்டுவதற்கு முன் பிரித்துப் பார்த்தோம். காய் நறுக்கும் இயந்திரம். எங்களிடம் இரண்டு இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

அம்மா இன்று எதுவும் கேட்கவில்லை. நேற்றும் கேட்கவில்லை. நானாகவே போய் "ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பாரு" என்றாள். நியாயம்தான்.

ஜூன் 19, புதன்

இதை எப்படி எழுதுவது?

அறிவியல் பாடத்துக்காக அம்மாவின் போனில் ஒளிரும் மீன்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். ஆழ்கடல் உயிரினங்களைப் பற்றிய ஒரு படப்புத்தகம் வந்து நின்றது. கெட்டி அட்டை. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். வெளிச்சமே போகாத ஆழத்தில் தலையில் விளக்கு வைத்துக்கொண்டு நீந்தும் மீன்! பாதி விலை. கீழே ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மணி நேரம்தான். பிறகு நாற்பது நிமிடம்தான்.

புத்தகம் வாங்குவது வெட்டிச் செலவு ஆகாது. அறிவு எப்படி வெட்டிச் செலவாகும்? பள்ளிச் செலவுக்கு விதி கிடையாது என்று நானே எழுதியிருக்கிறேன். மீன், பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் இது பள்ளிச் செலவு.

அம்மாவின் போன் வலது கையில். பட்டன் போன் இடது கையில். எண் வந்தது. போட்டேன்.

முடிந்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன.

ஜூன் 20, வியாழன்

ரத்து செய்யப் பார்த்தேன். "பொருள் அனுப்பப்பட்டுவிட்டது." இந்தப் புத்தகத்துக்கு மட்டும் என்ன அப்படி ஒரு அவசரம்?

தள்ளுபடி ஒரு காரணமே அல்ல என்று கொட்டை எழுத்தில் எழுதியது யார்? நான். கடிகாரத்தைப் பார்த்துப் பயந்தது யார்? அதுவும் நான்தான். அம்மாவாவது கொஞ்ச நாள் பொறுத்தாள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். இன்று அவளுக்குத் தலைவலி. நாளை.

ஜூன் 24, திங்கள்

"வழியில் உள்ளது." எந்த வழியில்? ஆமை தூக்கிக்கொண்டு வருகிறதா? வந்து தொலைந்தால் அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வாங்கி மறைத்துவிடலாம்...

மறைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.

ஜூன் 27, வியாழன்

திருப்பி அனுப்பியும் விற்றும் சுவரோரம் காலியாகிவிட்டது. கால் பிடிக்கும் இயந்திரத்தை மாடி வீட்டு அக்கா விலைக்கு எடுத்துக்கொண்டாள். என் மேசை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. "அப்பா வந்து பாக்கட்டும்" என்று அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

அப்பா நாளை இரவு வருகிறார். புத்தகம் இன்னும் வழியில் உள்ளது.

ஜூன் 29, சனி, மாலை

வந்தது. சரியாக இன்று. அப்பா வாசலில் உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும்போது.

பார்சல்காரர் அம்மாவின் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கணக்கு அவள் பெயரில்தானே இருக்கிறது. அப்பாதான் வாங்கினார். கொண்டுவந்து மேசைமேல், என் மேசைமேல், வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"இது என்ன?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து சீட்டைப் படித்தாள். புத்தகக் கடையின் பெயர். நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"என்னோடதுதான்" என்றாள்.

அப்பா கையை நீட்டினார். அம்மா கைப்பையைத் திறந்து, கார்டை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதுகிறவளுக்கு மூன்று வார்த்தை வரவில்லை. ஏன்? பயமா? அப்பா அடிக்கிற ஆளே இல்லை. பிறகு எதற்கு? — நீதிபதி பட்டம் போய்விடும் என்றா? சீ.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

சொல்லிவிட்டேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டேன், வேறு வழி தெரியவில்லை. "அது நான் வாங்கினதுப்பா. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஓடிபியும் எங்கிட்டதான் வந்துச்சு."

"நீ காவல்காரியா, திருடியா?" என்றார் அப்பா.

"ரெண்டும்."

அவருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கார்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "இந்தா. உன் மேல தப்பில்லையே."

நான் எதிர்பார்த்தது இங்கே முடிகிறது. ஆனால் அம்மா கார்டை வாங்கவில்லை.

"தப்பு இருந்தா மட்டும்? அப்ப நீங்க வெச்சுக்குவீங்களா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "பெட்டி பெட்டியா வாங்கினேன். பைத்தியக்காரத்தனம்தான். அதுக்கு என்னை நானே கட்டிப் போட்டுக்கிட்டேன். அவிழ்த்தேன், மறுபடியும் கட்டினேன். அது என் பாடு. நீங்க கட்டக் கூடாது. உங்க சம்பளத்தை நான் என்னிக்காவது சட்டைப் பையில போட்டுக்கிட்டேனா?"

அப்பா டிவியை அணைத்தார். நான் நகரலாமா கூடாதா என்று தெரியாமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் சமையலறையில் அம்மாவிடம் கேட்டேன், ஏன் உங்களுடையது என்று சொன்னீர்கள் என்று. "நான் பண்ண வேண்டிய வேலையை உன் தலையில கட்டினது நான்தானே" என்றாள். பிறகு, "இனிமே என் ஓடிபியை நானே பாத்துக்கறேன், அதை இங்க குடு" என்று கையை நீட்டினாள். பட்டன் போனைக் கொடுத்தேன். கை லேசாகிவிட்டது. கொஞ்சம் அழுகையும் வந்தது, அது எதற்கென்று தெரியவில்லை.

"நாளைக்குப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பு" என்றாள்.

"ஒரு தடவை மட்டும் பிரிச்சு..."

"புத்தகத்தைப் பிரிச்சா திருப்பி எடுத்துக்க மாட்டான்."

கல் நெஞ்சம்.

ஜூன் 30, ஞாயிறு

அப்பா கிளம்பிப் போய்விட்டார். கார்டு அம்மாவின் கைப்பைக்கு அடியில், பாதி வெளியே தெரியும்படி இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. பஸ் ஏறிய பிறகு அம்மாவுக்குப் போன் செய்து வானிலையைப் பற்றி மட்டும் பேசினாராம்.

ஜூலை 3, புதன்

விளக்கு மீன் புத்தகம் திரும்பிப் போயிற்று. பள்ளி நூலகத்தில் கடலைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கிறது. அதிலும் நடுவில் இருக்கிற படங்களை யாரோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மனிதர்களா இவர்கள்!

ஜூலை 18, வியாழன்

அம்மா வேலையிலிருந்து புதுச் செருப்போடு வந்தாள். பழுப்பு நிறம், பட்டை வார். வாசலில் கழற்றாமல் கூடம் வரைக்கும் நடந்து வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கேக்கமாட்டியா?"

"எதை?"

"பழசு வார் அறுந்துபோச்சு. பஸ் ஸ்டாப்பிலேயே. நடுரோட்டுல நின்னுக்கிட்டு மூணு நாள் பொறுக்க முடியுமா, வெறுங்காலோட? தைக்கிறவர்கிட்டக் காட்டினேன், இனிமே தாங்காதுன்னு சொல்லிட்டார். தள்ளுபடியெல்லாம் ஒண்ணும் கிடையாது, முழு விலைதான்."

"அம்மா, நான் ஒண்ணுமே கேக்கல."

"தெரியுது, தெரியுது" என்றாள், என்னமோ நான் கேட்காததுதான் குற்றம் என்பதுபோல. அதே செருப்போடு சமையலறைக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வாசலுக்கு நடந்தாள்.

கையில் பெட்டி எதுவும் இல்லை. கடையிலேயே போட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.