சத்தம் கேட்டால் ஓட வேண்டிய இடம்

என் சரசு, கோபிக்காமல் முழுவதையும் வாசியும்.

உமது ஆண்டுத் திவசத்துக்கு யாரையாவது பிடித்து நாலு வெண்பா எழுதுவித்துப் பத்திரிகையில் போடச் சொன்னார்கள். வெண்பாவில் உமக்கு என்ன விளங்கப்போகிறது? எனக்கும் விளங்காது. அதனால் நீர் போனபிறகு வீட்டில் நடந்த புதினங்களை எழுதுகிறேன். சிறுபிள்ளை வைத்திருக்கும் மற்றவர்களும் வாசிக்கட்டும்.

சுமதிக்கு ஐந்து வயது நடக்கிறது. தானே தலை இழுக்கிறாள், வகிடு மட்டும் கோணல். மண்ணெண்ணெயைச் சோடா என்று நினைத்துக் குடித்துவிடுவாள் என்று பயந்தீரே, அந்தப் போத்தலை இப்போது கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கிணற்றைச் சுற்றிப் பனைமட்டை வேலி வரிந்து படலையும் போட்டாயிற்று. பத்துத்தரம் சொல்லியும் செய்யாத மனிசன் இப்போது செய்கிறாரே என்று சிரிப்பீர். சிரியும்.

ஆனால் குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. குசினிக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் நீர்தான். "சத்தம் கேட்டா பங்கருக்குள்ளை ஓடு, காதைப் பொத்து, அழாதை" என்று ஒவ்வொரு பிடி சோற்றோடும் சொல்லித்தான் அவளுக்குத் தீத்தினீர். நல்ல பாடம்தான். நான் குறை சொல்லவில்லை.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. நான் விறகு நனையாமல் குசினிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய இடி ஒன்று விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே தேடினேன், சாமியறையில் தேடினேன். பிறகுதான் பங்கர் ஞாபகம் வந்தது. ஓடினேன்.

வெள்ளம் நிறைந்த பங்கரின் படியில், கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அழாமல். இன்னொரு படி இறங்கியிருந்தால் உமக்கு நான் என்ன எழுதியிருப்பேன்? தூக்கியெடுத்து, ஏன் அதற்குள் போனாய் என்று கத்தினேன். நடுங்கிக்கொண்டே சொன்னாள்: "அம்மா சொன்னவாதானே, அப்பா."

அவளுக்கு எப்படி அடிப்பேன், சொல்லும்? சொன்னதைச் செய்த பிள்ளை. இடிக்கும் குண்டுக்கும் வித்தியாசம் எனக்கே சிலவேளை தெரிவதில்லை.

தண்ணீரை இறைத்து, வாசலைச் சுற்றி வரம்பு கட்டி, மழைக்குப் பலகையும் போட்டேன். பிறகு அவளுக்குப் புதுப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அப்பாவிடம் ஓடி வா, அப்பா கூட்டிக்கொண்டு போவேன் என்று. பெரிய மூளைசாலி மாதிரி எனக்கே என்மேல் பெருமை.

கதை சாவகச்சேரிக்கு எட்டிவிட்டது. உம்முடைய அக்கா பஸ் மாறி மாறி, இங்கே சண்டிலிப்பாயில் வந்து இறங்கினார். ஆம்பிளை தனியாக வளர்க்கிற வயதா இது, பிள்ளையை என்னோடு விடும் என்று வந்த கையோடு தொடங்கிவிட்டார். கிணற்றடி, விளக்கு, போத்தல் எல்லாவற்றையும் பார்த்தார். பிழை பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அந்த எரிச்சலில் நான் வைத்த கத்தரிக்காய்க் கறியைத் திட்டினார். நானும் வாய்க்கு வாய் கொடுத்தேன். உள்ளுக்குள் மட்டும் பயம். சுமதியும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் இருந்து என்ன செய்ய?

மறுநாள் காலை நான் வீட்டுக்கு முன் ஒழுங்கைக்கு அப்பால் புகையிலைத் தோட்டத்தில் நின்றேன். வானத்தில் குண்டு போடும் பொம்மர் சுற்றத் தொடங்கியது. பங்கருக்குள் அன்று சொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கா சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் போனார். உம்முடைய மகள் கையை உதறிவிட்டு, ஒழுங்கையைத் தாண்டி, வெட்டவெளியில் புகையிலைக் கன்றுகளை மிதித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். நான் எதிரே ஓடி, அவளை அணைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் விழுந்தேன். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. யார் வீட்டிலோ தெரியாது.

என் பாடத்தின் இலட்சணம் அவ்வளவுதான், சரசு. வீட்டுக்கு வந்து, நானே அவளுடைய சட்டைகளை மடித்து அக்காவின் பையில் வைத்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அக்கா சட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியே எடுத்தார்.

"என்ரை கையை உதறிப்போட்டெல்லே ஓடினவள், தம்பி. நான் கொண்டுபோனாலும் சத்தம் கேட்டா உம்மைத் தேடித்தான் ஓடுவாள். சாவகச்சேரியிலையிருந்து சண்டிலிப்பாய்க்கு அவளாலை ஓடேலுமே?"

மத்தியான பஸ்ஸில் தனியாகப் போனார்.

புகையிலைத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன். புகையிலை வைக்காதவனும் ஒரு கமக்காரனா என்று ஊர் சிரிக்கிறது. வீட்டு வளவுக்குள்ளேயே கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். சீவியம் ஒருமாதிரிப் போகிறது. இதை எழுதும்போதும் சுமதி முற்றத்தில் சிரட்டையில் மண்சோறு காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பிள்ளையின் கால் எவ்வளவு தூரம் ஓடுமோ, அதைத் தாண்டி நான் எங்கும் போகமாட்டேன். இது உமக்குத் தருகிற வாக்கு.

உம்முடைய மனிசன்,
சுமதியின் அப்பா