ஏழு வண்டியும் ஒரே லாட்

மேற்குத் தாம்பரம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் மெஹ்ரீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் அல்லாஹ்வின் கருணையால் ஒழுங்காக இருக்கிறது, நகோயாவில் உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம், அவள் அன்றிலிருந்து பொடி இடிக்கிறாள், குளிருக்கும் இட்லிப் பொடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு எனக்கு இரண்டு நாள் பேச்சு கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அந்தப் பார்சலுக்குள்தான் வைத்திருக்கிறேன். போனில் சொல்லாமல் எழுதுவானேன் என்று நீ நினைக்கலாம். போனில் நான் வாயைத் திறந்தால் நீ மீட்டிங் என்பாய், இல்லாவிட்டால் அழுவாய், நடுவில் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான், ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை யாரும் குறுக்கே பேசாமல் சொன்னால்தான் எனக்குச் சரிப்படும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். உன் ஜப்பான் கார் கம்பெனி கென்ஷோ மேல் நாங்கள் ஏழு பேர் செங்கல்பட்டு நுகர்வோர் கோர்ட்டில் போட்டிருக்கும் வழக்கில் முதல் மனுதாரர் நான். வேலையில் சேர்ந்த அன்று, குடும்பத்தில் யாராவது கம்பெனி மேல் வழக்கு நடத்துகிறார்களா என்று கேட்ட படிவத்தில் நீ இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். அது ஏப்ரல் மாதம். என்னிடம் சொன்னது ஆகஸ்டில். இந்த மாதக் கடைசியில் வேலையை நிரந்தரம் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள், அதற்குள் விலகிவிடுங்கள் அத்தா என்றாய். பொய்யை எழுதியது நீ, அதை உண்மையாக்கும் வேலை எனக்கு. காப்பியடித்த பிள்ளைகளை இதைவிடச் சின்னக் காரியத்துக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். எனக்கு உன் மேல் வருத்தம் இருக்கிறது மெஹ்ரீன், அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை, அது சீக்கிரம் போகும் என்றும் தோன்றவில்லை.

கென்ஷோ கம்பெனியின் சரித்திரம் உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும், எட்டு வருஷமாக அதைத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன். யுத்தம் முடிந்து சோற்றுக்கு வழியில்லாத காலத்தில் மீன் சந்தைக்காரனும் குமாஸ்தாவும் வாங்கட்டும் என்று அவர்கள் தொடங்கிய மலிவு வண்டியின் பெயர் ஹிராமி. அந்தப் பெயரில் முப்பது வருஷம் சம்பாதித்தார்கள். பணக்காரன் ஆனதும் ஏழைப் பெயர் எதற்கு என்று மூடினார்கள். அப்புறம் இரண்டாயிரத்துப் பதினான்கில் அதைத் தோண்டி எடுத்தார்கள், அவர்கள் நாட்டுக்காக இல்லை, நமக்காக. முதல் முறை கார் வாங்குகிறவனுக்கென்றே செய்தது என்று விளம்பரம். ஒற்றை வைப்பர், காற்றுப்பை கிடையாது, கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின்னை மூடுகிற சத்தம். உங்கள் கம்பெனி மியூசியத்தில் முதல் ஹிராமியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினாயே, உன் அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். டயர்கூடப் புதிதாக இருந்தது. இங்கே ஒரு ஸ்டீயரிங் மோட்டாருக்கு ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்னவர்கள் அங்கே ஓடாத வண்டிக்குத் துடைத்துத் துடைத்து மெருகு ஏற்றுகிறார்கள்.

அநியாயமாகவும் எழுதக்கூடாது. முதல் ஐந்து வருஷம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. லிட்டருக்கு இருபது கொடுத்தது, உன்னை ஊரப்பாக்கம் தாண்டி காலேஜில் கொண்டு விட்டது, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் விடியற்காலையில் நீ ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். கார் எப்படி ஓடுகிறது என்று நீ முதலில் கேட்டதும் அதைப் பார்த்துத்தான். அதனால்தான் இந்தப் படிப்பு, இந்த வேலை என்று உன் அம்மா சொல்கிறாள். இருக்கலாம். அப்படியென்றால் நான் வாங்கிய ஒரு தகரத்திலிருந்து இரண்டு காரியம் விளைந்திருக்கிறது, ஒன்று உன் வேலை, மற்றொன்று யேசுதாசனின் உடைந்த கை.

அந்த ஏழு வண்டி எப்படி வந்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அப்போது நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஸ்டாஃப் ரூமில் என்னையும் ஜீவானந்தம் சாரையும் சேர்த்து நாலு பேர், பள்ளிவாசலில் பழகியவர்கள் இரண்டு பேர், என் லேபில் பதினெட்டு வருஷம் அட்டெண்டராக இருந்து அந்த வருஷம் ரிட்டயர் ஆன யேசுதாசன். எல்லோரும் என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள். யேசுதாசன் மட்டும் என்னிடம் எந்த விவரமும் கேட்கவில்லை, வாய்க்கையிலே ஒரு வாட்டியாவது ஸ்டீரிங் புடிக்கணும் சார், நீங்க எத சொல்றீங்களோ அதான் என்றார். நான் விவரக் குறிப்பை வரி வரியாகப் படித்து, கரும்பலகையில் கட்டம் போட்டு, ஏழு பேரும் ஒன்றாக புக் செய்தால் விலையும் குறையும் என்று பெருங்களத்தூர் ஷோரூமில் போய் உட்கார்ந்தேன். அங்கே மேனேஜர் தோத்தாத்ரி என்பவர், சார் மாதிரி படித்தவர்கள் வாங்கினால் எங்களுக்கு அதைவிட விளம்பரம் வேண்டுமா என்று காபி வரவழைத்தார். வெயிலில் கிடந்த பழைய வண்டியை யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள் என்று நினைத்து, ஏழும் ஒரே லாட்டில், ஒரே தொகுதியாகச் செய்ததில் வர வேண்டும், சேஸிஸ் நம்பர் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். தோத்தாத்ரி முதலில் முடியாது என்றார், பிறகு உங்களுக்காகச் செய்கிறேன் என்றார். அப்படியே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஏழு வெள்ளை வண்டிகள் வரிசையாக ஜிஎஸ்டி ரோட்டில் போனோம். உன் மாமா ஷாகுல் இரும்புலியூரில் தன் டயர் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, மச்சான், ஏழு பேரும் சேர்ந்து ஒரு நல்ல வண்டியா வாங்கி ஷேர் ஆட்டோ மாதிரி போயிருக்கலாமே என்றான். கடைப் பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை, உன் அம்மாவுக்கும் அது தெரியும்.

ஒரே லாட்டில் வாங்கியவனுக்கு ஒரே லாட்டின் கோளாறு வரும் என்பது, அளவீட்டுப் பிழையைப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் நடத்திய எனக்குத் தோன்றவில்லை. ஆறாவது வருஷம் முதலில் ஜீவானந்தம் சார் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. அடுத்த மாதம் இன்னொன்று. எட்டு மாதத்தில் ஏழும். ஒருவர் வண்டிப் பாகத்தைக் கழற்றி இன்னொருவருக்குப் போடலாம் என்றால் நல்ல பாகம் ஒருவரிடமும் இல்லை. சர்வீஸ் சென்டரில் போய்ச் சொன்னால் நிறைய ஓட்டியிருக்கிறீர்கள் சார் என்றார்கள். யேசுதாசன் வண்டி மொத்தம் பதினோராயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அவர் மனைவியோடு சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது இரும்புலியூர் திருப்பத்தில் அது இறுகிக்கொண்டது, நடுச்சுவரில் இடித்தது, வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தகடு வைத்திருக்கிறார்கள். விரல் மடங்குவதில்லை. அடுத்த மாதமே ஹிராமி என்ற பெயரை மறுபடி மூடிவிட்டதாகக் கம்பெனி பேப்பரில் அறிவித்தது, வாடிக்கையாளர் சேவை தொடரும் என்று ஒரு வரி. ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். தோத்தாத்ரி வேறு ஒரு கம்பெனி வண்டி விற்கிறார், ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்ததும் சாப்பிடாமலே போய்விட்டார். நான் பிடித்த பிடிவாதத்தால் நடந்த ஒரே நல்லது, அடுத்தடுத்த ஏழு நம்பர் வண்டியில் ஒரே பாகம் கெட்டது என்று கோர்ட்டில் காட்ட முடிகிறது, அதுதான் எங்கள் வழக்கே.

போன வியாழக்கிழமை வக்கீல் அபிதகுஜாம்பாள் அம்மாளிடம் போய் நான் விலகுகிறேன் என்றேன். அந்த அம்மாள் காரணம் கேட்கவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற ஆறு பேரையும் வரச்சொல்லி அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடலாம் என்றார். சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். உன் பெயரைச் சொல்லாமல் சொல்லலாம் என்றுதான் போனேன், பாதியில் பொய் வரவில்லை, சொல்லிவிட்டேன். ஜீவானந்தம் சார், வாத்தியார் ஏழு பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்கிறார் என்றார். அவர் அப்படித்தான் பேசுவார், அதைத் தாங்கிக்கொண்டேன், வட்டியோடு மனசில் வைத்துக்கொள்வேன். என்னால் தாங்க முடியாதது யேசுதாசன் சொன்னதுதான். வுடுங்க சார், நம்ம பாப்பா வேல அது, கேஸு இன்னிக்கி இல்லாங்காட்டி நாளிக்கி வரும், வேல போனா வருமா, இதுக்குப் போயி பேஜாராயிகினு என்று சொல்லிவிட்டு, எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இடது கையால் கொடுத்ததற்கு மன்னிப்பு வேறு கேட்டார்.

முதல் மனுதாரராக யார் வருகிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டபோது ஐந்து பேரும் ஃபேனைப் பார்த்தார்கள். ஒருவருக்கு மருமகன் கவர்ன்மென்டில் இருக்கிறானாம், ஒருவருக்கு ரத்த அழுத்தமாம். யேசுதாசன் நான் வர்றேம்மா என்றார். இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதே என்றார்கள், கையெழுத்துப் போட வருமா என்றார்கள், கட்டை விரல் நல்லாத்தான் கீது என்று காட்டினார். நான் விலகல் மனுவில் கையெழுத்துப் போட்டேன். உன் படிவத்தில் இருந்தது சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து உண்மையாகிவிட்டது. கோர்ட் முத்திரை விழுந்ததும் நகலை அனுப்புகிறேன், கேட்டால் காட்டு.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். எட்டு வருஷத்து பில், போட்டோ, எந்த வண்டியில் எந்தத் தேதியில் விளக்கு எரிந்தது என்று நான் எழுதி வைத்த மூன்று நோட்டு, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பீர்க்கன்கரணைக்கு யேசுதாசன் வீட்டுக்குப் போனேன். ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அவர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் பக்கம் புரட்டினார். அங்கேயே உட்கார்ந்து, அடுத்த வாய்தாவுக்குக் கொடுக்க வேண்டிய பதிலை அவர் பெயரில் நான் எழுதினேன். நேற்று மட்டுமில்லை, இனி அவர் பெயரில் போகும் ஒவ்வொரு தாளையும் நான்தான் எழுதுவேன், அதை அபிதகுஜாம்பாள் அம்மாளிடமும் சொல்லிவிட்டேன், எழுதிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை என்றார். உன் அம்மாவுக்குத் தெரியும். எனக்கு ஒரு புதுப் பேனா எடுத்துக் கொடுத்தாள். நான் மனுதாரர் இல்லை. உனக்காக அதைச் செய்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியாது, கேட்காதே.

அந்தத் தாள்கள் என்றைக்காவது மொழிபெயர்த்து உன் ஆபீசுக்கு வரலாம். உன் மேசைக்கேகூட வரலாம், ஸ்டீயரிங் பிரிவில்தானே இருக்கிறாய். வந்தால் யார் எழுதியது என்று இரண்டாவது வரியிலேயே உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம், எங்களுக்காகப் பேசவும் வேண்டாம். ஆனால் அந்தப் பாகம் நன்றாக இருந்தது என்று மட்டும் எங்கும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. பெட்டியில் வருகிற இறைச்சியை ஹலாலா என்று விசாரித்து வாங்கு. பூமி அசைந்தால் மேசைக்கு அடியில் போ, போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு நிற்காதே. ஃபஜ்ர் தொழுகையை விடாதே. உன் அறிவுக்கு ஏற்ற உயரத்தையும் அந்த உயரத்தில் கெடாத மனசையும் அல்லாஹ் உனக்குத் தரட்டும், வருத்தத்தோடு கேட்டாலும் முழு மனசோடுதான் கேட்கிறேன். யேசுதாசனும் பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம் எழுதுங்க சார் என்றார், எழுதிவிட்டேன்.

அந்தப் படிவம் வருஷா வருஷம் வரும் என்று சொன்னாய். அடுத்த முறை வரும்போது கேள்வியை முதலில் எனக்குப் படித்துக் காட்டு, பிறகு பதில் எழுது.

உன் அத்தா,
மு. முஸ்தபா