மார்ஷல் தீவுகளுக்காக நான் பேசியது

9 செப்டெம்பர் 2025, செவ்வாய்
எங்கள் ஜேர்மன் பள்ளியின் மாதிரி ஐ.நா. அவைக்கு இன்று சீட்டு எடுத்தோம். தலைப்பு கண்ணிவெடித் தடை. எனக்கு வந்த நாடு மார்ஷல் தீவுகள். குமுதினிச் சித்தி ஊரில், போர் நடந்த முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறார். இது எனக்கென்றே வந்த தலைப்பு! நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்துவந்தேன்.

11 செப்டெம்பர், வியாழன்
மார்ஷல் தீவுக்காரர் தடை ஒப்பந்தத்தில் 1997இல் கையெழுத்திட்டார்கள், இன்னும் உறுதிப்படுத்தி முழுதாகச் சேரவில்லை. புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. அப்படியானால் நான் எழுந்து, "எங்களிடம் கண்ணிவெடி இல்லை, எங்களுக்கு அவசரமும் இல்லை" என்று பேச வேண்டும். பிரதிநிதி தன் நாட்டின் நிலைப்பாட்டைத்தான் சொல்லலாம். சித்தி அங்கே முழங்காலில் நின்று மண்ணைக் கிளற, நான் இங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு — எப்படி?

13 செப்டெம்பர், சனி
உரை முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. அதுதான் வெட்கம்.

14 செப்டெம்பர், ஞாயிறு
சித்தி அழைத்தார். மறைக்க ஏலவில்லை. எல்லாம் சொல்லி அழுதேன்.
"ஏன் பிள்ளை அழுறாய்? மார்ஷல் தீவுக்காரர் சேர்ந்திட்டினம் எல்லோ!"
"இல்லைச் சித்தி, புத்தகத்திலை இருக்கு."
"புத்தகம் எப்ப அடிச்சது?"
பார்த்தேன். 2011.
இந்த மார்ச்சில் உறுதிப்படுத்திவிட்டார்களாம். காலையில் வேலைக்கு முன் நடக்கும் கூட்டத்தில் மேற்பார்வையாளர் அந்தச் செய்தியை வாசித்தாராம். "நான் மண்ணுக்குள்ளை வெடியைத் தேடிப் பிடிக்கிறன். உனக்கு ஒரு திகதி தேடேலாதோ?"
ஐ.நா. தளத்திலும் பார்த்தேன், உண்மைதான். இணையத்தை நம்பாதே, புத்தகத்தைப் பார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.
சித்திக்கு நன்றி சொல்ல மறந்துபோனேன். இங்கே எழுதுகிறேன்: நன்றி.

18 செப்டெம்பர், வியாழன்
புது உரையைப் பேசினேன். ஒப்பந்தத்திலிருந்து விலகும் பின்லாந்துக்காக வந்த பென்ஜமின் எழுந்தான். "உங்களிடம் வெடியே இல்லை. சேர்ந்து யாருக்கு என்ன பயன்?" "வெடி இல்லாத நாங்களும் வேண்டாம் என்று சொன்னால், புதைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் தனித்துப்போவார்கள்" என்றேன். தடையை ஆதரிக்கும் தீர்மானம் 14–9 என்று நிறைவேறியது.
வெளியே வந்ததும், சித்தியின் வேலையைப் பற்றி வகுப்பில் கேள்விப்பட்டிருந்த பென்ஜமின் தமிழில் கேட்டான்: "உண்மையாவே உன்ர சித்தி அந்த வேலையோ செய்யிறா?"
"ஓம்."
வகுப்பில் எப்போதும் கேலி செய்கிறவன், அதற்குப் பிறகு ஒரு பகிடியும் விடவில்லை.
உரையின் ஒலிப்பதிவைச் சித்திக்கு அனுப்பினேன்.

21 செப்டெம்பர், ஞாயிறு
தேநீர் இடைவேளையில் சித்தி அதைத் தன்னோடு வேலைசெய்யும் பெண்களுக்குப் போட்டாராம். முழுக்க ஜேர்மன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லையாம்.
"முடிஞ்ச உடனை ஜசிந்தா அக்கா சொல்லுறா, இன்னொருக்காப் போடு எண்டு."