ஓரத்தில் நீ எழுதிய வரி

இன்று காலை ஆய்வகத்தில் உன் இழுப்பறையைத் திறந்ததும் தைல வாசம் மூக்கில் ஏறியது. உன் கைக்குட்டைக்குள் அந்தக் குட்டித் தொலைநோக்கி அப்படியே இருந்தது, விரல் நீளம்தான். உன்னை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு அழுகை வரவில்லையடி, ஆத்திரம்தான் வந்தது.

நம் ஆய்வகச் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். நிறமில்லாத அணுக்களையும் தெளிவாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியை ஆயத்தம் செய்யும் முறை. பளபளவென்று பிளாஸ்டிக் உறை, கீழே மேலாளரின் பெயர். படித்தால் உன் குரல் கேட்கிறது. மாதா கோயில் காலண்டர் தாளின் பின்பக்கம் நீ எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருந்தாயே, வரிக்கு வரி அதேதான்.

இதே மனிதர்தானே அன்று உன்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "ஒரு ஸ்லைடு பாக்குறதுக்கு முன்னால பத்து நிமிஷம் என்னம்மா நோண்டுற?" என்று கேட்டவர்? எச்சரிக்கைக் கடிதம் வேறு கொடுத்தார். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து எல்லாருக்கும் முன்னால் வருகிறவளுக்கு!

நீ நோண்டியது எதற்கு? சிறுநீரில் சிவப்பணுக்கள் கோணல்மாணலாக இருந்தால் இரத்தம் கிட்னியிலிருந்து வருகிறதென்று சந்தேகப்பட வேண்டும். நுண்ணோக்கி சரியாக இல்லாவிட்டால் அந்தக் கோணல் கண்ணில் படாது. அதற்காகத்தான் ஐப்பீஸைக் கழற்றிவிட்டு இந்தத் தொலைநோக்கியைச் சொருகுவாய். உள்ளே கருப்பு வளையம் ஒன்று, வெள்ளை வளையம் ஒன்று. வெள்ளை போய்க் கருப்பின்மேல் உட்காரும்வரை நுண்ணோக்கியின் அடியிலுள்ள இரண்டு திருகுகளையும் மெல்ல மெல்லத் திருப்புவாய். "சும்மா பாத்தா பத்தாது லா, ஒக்காந்துச்சான்னு பாரு" என்பாய்.

உன்னைத் திட்டியபோது நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே, "விடுடி, அவருக்கு என்ன தெரியும்" என்றாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். நாம் விட்டதால்தானே இவ்வளவும்?

கூத்தைக் கேள். தொலைநோக்கி விஷயத்தை நீ முதலில் எழுத மறந்து, பிறகு தாளின் ஓரத்தில் நெடுக்காக எழுதி அம்புக்குறி போட்டிருந்தாய். அவர் நகலெடுக்கும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. எழுதியவளைத் திட்டியவருக்கு, எது விட்டுப்போனது என்றுகூடத் தெரியவில்லை. புதிதாக வந்த பெண் சுவரிலிருக்கும் தாளைப் பார்த்து எல்லாம் செய்துவிட்டு, "அக்கா, ஒண்ணுமே தெளிவா இல்ல. மிஷின் ரோசாக் ஆயிடுச்சா, கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். அதற்காகத்தான் உன் இழுப்பறையைத் திறந்தேன்.

வளையங்களை உட்கார வைத்துவிட்டு மார்க்கர் பேனாவை எடுத்தேன். விட்டுப்போன வரியை அந்த பிளாஸ்டிக் உறைமேல் பெரிதாக எழுதினேன். அவர் பெயரை அடித்து உன் பெயரைப் போட்டேன்.

"யாரு இதுல கிறுக்குனது?" என்று வந்தார்.

"கிறுக்குனது நான்தான் சார். எழுதுனது அவ. நீங்க வார்னிங் லெட்டர் குடுத்தீங்களே, அவ."

முழுக்கப் படித்தார். திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். உன் காதில் விழ வேண்டிய அன்று பேசாத என் வாய், நீ இல்லாத இன்று பேசியிருக்கிறது. அது எனக்குப் பெருமையில்லை.

தொலைநோக்கி இப்போது என் கோட்டுப் பையில் இருக்கிறது. நாளைக் காலையும் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வேன். யாராவது வந்து கேட்கட்டும்.