எலி கொன்ற வீராங்கனை

14 ஜூலை 1996, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை.

அக்ரஹாரத்தில் ஸ்ரீதர் வீட்டு மாடியில் மூன்று வருடமாக ஞாயிறுதோறும் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம். என்னுடையது மந்திரவாதி, மணியுடையது ஒரு வாள்வீராங்கனை. ஃபேக்டரியில் சனி இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வருவான். விதிப்புத்தகம் இங்கிலீஷில்; அவனுக்கு வாசிக்க வராது. எங்களைக் கேட்டுக் கேட்டே விதிகள் அத்தனையும் மனப்பாடம் செய்திருந்தான்.

இன்று ஸ்ரீதர், தன் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த விதிப்புத்தகத்தின் புதுப் பதிப்பை விரித்து, எல்லாப் பாத்திரங்களின் பலத்தையும் மாற்றி எழுதினான். வீராங்கனைக்குப் பாதிகூட மிஞ்சவில்லை. முதல் சண்டையிலேயே ஒரு எலி அவளைக் கொன்றது.

"டிராகனையே வெட்டினவ அவ, குரு. எலியா கொல்லும்?" என்றான் மணி.

"ரூல் மாறிடுச்சு மணி. விடு, புதுசா ஒரு ஆளை எழுதிக்கோ" என்று ஸ்ரீதர் சிரித்தான். நானும் சிரித்தேன். மணி, வீராங்கனையின் பலமெல்லாம் எழுதி வைத்திருந்த தன் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

ஸ்ரீதர் காபி எடுக்கப் போனதும் புத்தகத்தைப் புரட்டினேன். முன்னுரையிலேயே எழுதியிருக்கிறது, பழைய விதிகள் பிடித்திருந்தால் அவற்றை வைத்தே ஆடலாம் என்று. கீழே மணி அப்போதுதான் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

கூப்பிடவில்லை. புத்தகத்தை மூடி வைத்தேன். புது விதியில் என் மந்திரவாதிக்குப் பலம் இரண்டு மடங்கு. சீ.