ஏழு நாள் ஓட வேண்டிய போர்டு

தம்பி,

இன்று காலை நம் தெருமுனையில் சோலார் விளக்குக் கம்பம் நட்டார்கள். அந்தக் கறுப்புத் தகட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கைவேலை ஓடவில்லை. உன் அக்கா எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அப்போது நீ உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு வாங்கி வந்தாய். கரையில் காற்று எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று அது குறித்து வைக்கும் என்றாய். வலைக்கொட்டகையில் கரண்டு கிடையாது. டார்ச் பேட்டரி போட்டாய். ஒரே நாளில் தீர்ந்தது. பைக் பேட்டரி நான்கு நாள் தாங்கியது, ஆனால் சார்ஜ் ஏற்ற வீட்டுக்கும் கரைக்கும் சுமந்தே உன் தோள் போனது. கடைசியில் கூரைமேல் சோலார் தகடு வைத்தாய். ஏழு நாள் நீ கை வைக்காமல் ஓடினால் கொட்டகையிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நீயும் சரி என்று மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டாய்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். தகட்டில் உப்புப் பூத்திருந்தது. உப்புக்காற்றுக்குப் பயந்து அரிவாள்மணை, தையல் மிஷின், ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவுகிற கை இது. படகின்மேல் ஏறி நின்று தகட்டுக்கும் தேங்காயெண்ணெய் தடவினேன். பளபளவென்று ஆனது. மறுநாள் அடித்த காற்றில் கரைமணல் மொத்தமும் அதில் அப்பிக்கொண்டது. தகட்டில் வெயில் ஏறாமல் ஆறாம் நாள் போர்டு நின்றுபோனது.

நீ வந்து தகட்டை விரலால் தேய்த்தாய், மோந்தாய், என்னை ஒரு முறை பார்த்தாய். சுற்றிலும் ஆட்கள். நம் சித்தப்பா மகன் கேட்டான்:

"இன்னா அண்ணாத்த, பொட்டி தூங்கிக்கினு கீதா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"என் கணக்குதான் தப்பாப்பூடுச்சு" என்று சொல்லிப் போர்டைக் கழற்றினாய். நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் என்னைத் திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். சோறு போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாய். அந்தக் கோபத்தில் ஆறு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. சித்தப்பா மகன் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை.

உன் கருமாதிப் பந்தியில் அவன் பக்கத்து ஆளிடம், உன்னை நல்ல மனிதன் என்றும், அந்தப் பெட்டிக் கணக்கில்தான் நீ ஏமாந்தாய் என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"அவன் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் எண்ணெய் தடவிக் கெடுத்தேன்."

அவன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

அவனை நான் மன்னிக்கவில்லை. உன்னையும்தான். அன்றைக்கே என் பேரைச் சொல்லியிருந்தால், பெரியவர்கள் உனக்கு இன்னொரு வாரம் கொடுத்திருப்பார்கள். உனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.