நாலு விளக்கும் ஓர் எருமையும்

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. கடையில் வாடகைப் பாத்திரம் அடுக்கும் வேலை. குண்டான் ஒன்று குறைகிறது. காதுகுத்து வீட்டில் யார் பரணில் ஏறியிருக்கும் என்று தெரியும், எழுத மாட்டேன். (மூத்த மருமகள்.)

அமுதாவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. குற்றவாளி நான். இல்லை, வண்டி. ஞாயிறு பொழுது சாய, அந்தக் காதுகுத்து வீட்டிலிருந்து பாத்திரத்தோடு இருவரும் திரும்பினோம். ரோட்டில் கொள்ளு அடித்துக் குவித்து, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் ரோடுதான் களம், எனக்குத் தெரியாததா? நேரே கொண்டுபோய் ஏற்றினேன். அண்டாக்கள் உருண்டன, பெண்டாட்டி முழங்கால் டேஷ்போர்டில்.

கொள்ளுக்காரம்மா ஓடி வந்தார். "கண்ண எங்கிட்டு வச்சிட்டு வாரீங்க?"

"லைட்டு மங்கல் ஆத்தா."

அமுதா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இந்த வண்டிய என் தம்பிக்கே குடுத்துருவோம். ஐஸ் ஏத்தட்டும்." தம்பி செல்வம், ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி. அடுத்த ஞாயிறு வந்து ஓட்டிக்கொண்டு போகிறானாம். மீன் வாடை அடிக்கப்போகிறது என் தங்கத்துக்கு.

வண்டி பற்றி: பழைய பிக்கப், நாலு சக்கரமும் இழுக்கும். இந்த ஊரில் ஏற மலை ஏது? குன்றாண்டார்கோவில் பாறை ஒன்று, அதில் சாமி குடியிருக்கிறார். ஆனால் ஐப்பசிச் சேற்றில் வயல்காட்டுக் கல்யாணத்துக்கு அண்டாவோடு போய் நிற்பது இது ஒன்றுதான். இன்னொரு காரணமும் உண்டு. இதன் முன் சீட்டில் உட்கார்ந்தால் அமுதா பாடுவாள். வீட்டில் பாடுவதில்லை, கோயிலில் இல்லை, தம்பி காரில் ஏசி போட்டும் இல்லை. ஜன்னலில் கை வைத்து, இதில் மட்டும்.

ராத்திரிச் சோற்றுக்கு நடுவில் மெதுவாகக் கேட்டேன், கூடுதல் லைட் மாட்டினால்?

"மாட்டுங்க. சனிக்கெழம பொழுது சாய என்ன ஏத்திட்டு ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க. பயமில்லாமப் போய்ட்டு வந்தா வண்டி இங்க. இல்லன்னா ஐஸுக்கு."

பிப்ரவரி 18, புதன்

டவுனில் போய் நாலு லைட் வாங்கினேன். பம்பரில் இரண்டு, கேபின் மேலே இரண்டு. கடைக்காரர், "ரோட்டுல போறப்ப மேல உள்ளதுக்கு உறை போட்டுருங்க, போலீஸ் பிடிப்பாங்க" என்றார். அப்போ மேலே எதற்கு? அழகுக்கு.

பந்தலுக்கு ஆயிரம் சீரியல் பல்பு கட்டின கை, நாலு லைட் பெரிதா? நானே கட்டினேன். ஹெட்லைட் ஒயரைச் சீவி, அதிலேயே நாலையும் முடிந்து, டேப் சுற்றி, சுவிட்ச் போட்டேன்.

எரிந்தது. லைட் அல்ல, ஒயர்.

அமுதா அடுப்படியிலிருந்து: "ஏங்க, என்னமோ தீயிற வாடை வருது?"

"பக்கத்து வீட்டுல, குழம்பு."

பிப்ரவரி 19, வியாழன்

திருக்கோகர்ணம். எலக்ட்ரீசியன் பாண்டி பானட்டைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்து சிரித்தான்.

"அண்ணே, இது என்ன கல்யாண வீட்டு சீரியல் செட்டா?"

"யாரோ ஒரு பய பண்ணிட்டான்டா."

"அந்தப் பயல எனக்கு இருவது வருசமாத் தெரியும்ணே."

பேட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் பியூஸ், ஒரு ரிலே. லைட்டுக்குப் போகும் கரண்டை அந்தச் சின்னப் பெட்டி சுமக்குமாம், சுவிட்ச் அதற்கு உத்தரவு மட்டும் போடுமாம். எங்கள் வீட்டு ஏற்பாடும் அதுதான். சுமப்பது யார் என்று எழுத வேண்டியதில்லை.

சாயங்காலம் என் குடோன் சுவர் முன்னால் வண்டியை நிறுத்தி, வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காதபடி தாழ்த்தித் திருகினான். அதற்கு முன் ஒரு முறை முழுசாகப் போட்டுப் பார்த்தோம். தெருவே பட்டப்பகல். எதிர்வீட்டுச் சேவல் கூவிவிட்டது. ஏழு மணிக்கு! எதிர்வீட்டு அக்கா இறங்கி வந்து, "வீட்டுக்குள்ள டிவி தெரியல, அமத்துங்க தம்பி" என்றார்.

வண்டி அழகு. நாற்பது வயசில் தோடு மூக்குத்தி எல்லாம் புதுசாகப் போட்டுக்கொண்ட மாதிரி.

பிப்ரவரி 20, வெள்ளி

பூசை. எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கும். லைட்டுக்கு நடுவில் ஒரு பொட்டு போதும் என்றேன், அமுதா லைட்டு முகம் பூரா சந்தனம் அப்பிவிட்டாள். "புதுசா வந்ததுகளுக்குக் கண்ணு பட்டுறக் கூடாது." விற்கச் சொல்கிறவளும் இவள்தான். ஒன்றும் புரியவில்லை, பேசாமல் சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

செல்வம் போன்: "மச்சான், நாளன்னிக்கு வாரேன், டேங்கு பூரா டீசல் போட்டு வைங்க." பய.

பிப்ரவரி 21, சனி

எழுதவே வெட்கம். ஆனாலும்.

பொழுது சாயக் கிளம்பினோம். ஏறும் முன் அமுதா முந்தானையால் நாலு லைட்டிலும் சந்தனத்தை வழித்துத் துடைத்தாள். "அப்புறம் சந்தனம் மறைச்சிருச்சும்பீங்க."

ரோடு பளிச். புளியமரத்தில் எலை எலையாக எண்ணலாம். நான் அகலமாக உட்கார்ந்து ஓட்டினேன். அவள் இன்னும் பாடவில்லை, ஆனால் ஜன்னலில் கை வந்துவிட்டது. ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

அப்போது எருமை. ரோட்டில் பாதியை மறித்துப் படுத்திருந்தது. நிறுத்தினேன். பாருங்கள், எவ்வளவு தூரத்தில் கண்டுபிடித்துவிட்டேன்! ஹாரன் அடித்தேன். அசையவில்லை. மறுபடி. ஜன்னல் வழியே எட்டி, மேல் லைட்டையும் உறை கழற்றிப் போட்டேன். திமிர் பிடித்த எருமை.

"யாரு வீட்டு எருமடி இது?"

அமுதா முகத்தில் ஒன்றுமே இல்லை. "எறங்கிப் போய்க் கேளுங்க."

இறங்கினேன். "தா, தா, எந்திரி" என்று முதுகில் தட்டினேன். தார்ப்பாய். உள்ளே கொள்ளு. சுற்றிலும் கல்.

ரோட்டோர வீட்டிலிருந்து அதே கொள்ளுக்காரம்மா: "இன்னிக்கு எறங்கி வந்து தடவிக் குடுக்குறீங்களாக்கும்?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அமுதா சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"...தீவாளிக்கு முன்னாடி இருந்து."

"வாயத் தொறந்து சொன்னா என்ன?"

சொன்னால் வண்டி போய்விடும், வண்டி போனால் பாட்டு. இதைச் சொல்லவில்லை. "மங்கலாத்தான் இருக்கு, மோசமில்ல" என்றேன். திரும்பும்போது வழி முழுக்க அவள் கண்ணால் ஓட்டினேன். இங்கிட்டு ஒதுக்குங்க, அந்தா சைக்கிள், மெதுவா.

வாசலில் இறங்கினதும் செல்வத்துக்குப் போன் போட்டாள். "டேய், வண்டி குடுக்கல. வண்டில கோளாறு ஒண்ணுமில்ல. ஆனாலும் நீ வா, திங்கக்கெழம ஒரு டிரைவர் வேணும்."

பிப்ரவரி 23, திங்கள்

புதுக்கோட்டை, கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். சின்ன லைட்டுதான், நாலையும் தோற்கடித்தது. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, வலதில் ஆரம்பம். "இவ்வளவு நாளா எப்படி வண்டி ஓட்டினீங்க?" அமுதா முந்திக்கொண்டு, "எருமைய எழுப்பி எழுப்பித்தான்" என்றாள். அடுத்த வாரம் ஆபரேஷன். அதுவரை சாவி அவள் இடுப்பில்.

கிளம்பும் முன்பே என் நெற்றியில் சந்தனம் அப்பியிருந்தாள். லைட்டுக்கு வைத்ததில் மிச்சமாம்.

இப்போது எங்கள் வண்டியிலேயே திரும்பி வருகிறோம். செல்வம் ஓட்டுகிறான், நடுவில் நான், ஜன்னலோரம் அவள். கண்ணில் சொட்டு மருந்து. எழுதுகிற எழுத்தெல்லாம் எருமை எருமையாகத் தெரிகிறது. "மச்சான், பேசாம வாங்க, அக்கா பாடுது" என்கிறான் இந்தப் பய. நான் எங்கே பேசினேன்? பேனாவை மூடுகிறேன், பாட்டுக் கேட்க வேண்டும்.